தோட்டமில்லாத வீட்டு மாங்கன்று

திருப்பதிக்குக் குடிவந்த இரண்டாம் வாரம், ஒரு மாலையில் வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "தீபம் கொண்டெக்கிந்தி" என்றார். எனக்கு அப்போது தெலுங்கில் பத்துப் பதினைந்து சொற்கள் தெரியும். தீபம் தெரியும். கொண்ட என்றால் மலை என்பது இந்த ஊருக்கு வந்தவர் எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். எக்கிந்தி என்றால் ஏறியது. ஆக, விளக்கு மலையேறிவிட்டது. நான் சன்னலைத் திறந்து மலையைப் பார்த்தேன். மலைப்பாதையில் போகும் வண்டிகளின் விளக்குகள் உண்மையாகவே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ரொம்ப அழகாக இருக்கிறது என்று தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து சொல்லி, அவரையும் பார்க்க வரும்படி கூப்பிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த அகலைக் காட்டினார். அது அணைந்திருந்தது. பாவம், தீப்பெட்டி கேட்க வந்திருக்கிறார்.

விளக்கு அணைந்தது என்று வாயால் சொல்லக்கூடாது என்பது நமக்கும் தெரிந்ததுதான். நாங்குநேரியில் எங்கள் வீட்டில் 'விளக்கைக் குளிர வை' என்போம். கோயில் கொடை முடிந்தால் எங்கள் ஊரிலும் சாமி மலையேறும். நாலணாவுக்கு இட்லி விற்ற காலமும் மலையேறிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டு விளக்கு ஒருநாளும் மலையேறியதில்லை. அதே மாதம் காய்கறிக் கடைக்காரரிடம் கத்தரிக்காய் விலையை அரைகுறைத் தெலுங்கில் தப்பாகக் கேட்டு வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே "மீ இல்லு பங்காரம் கானு" என்றார். உங்கள் வீடு பொன்னாகட்டும். இவ்வளவு நல்ல மனிதரா என்று கைகூப்பி நன்றி சொன்னேன். அது, அசட்டுத்தனமாக எதையாவது சொல்கிறவர்களைப் பார்த்துச் செல்லமாகச் சலித்துக்கொள்ளும் பேச்சு என்று தெரிய ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அவருடைய கடையைத் தவிர வேறு கடைக்கு நான் போகவில்லை.

கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எழுதவேண்டியதைத் திருப்பதிக்குப் போனவள் எழுதுகிறாளே என்று ஊரில் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உங்களுக்கு இது மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் திரும்பும் ஊர். பத்து வருடம் இருந்து பாருங்கள், தெரியும். அதிலும் இங்கே ஒரு விசித்திரம். புத்தூர், நகரி, சத்தியவேடுப் பக்கத்து விவசாயக் குடும்பங்களும், சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சம்பளத்தைச் சொல்ல மட்டும் ஆங்கிலம். அவர்களுக்கு என்னுடைய தமிழ்தான் வெளியூர்ச் சரக்கு. "நீங்க பாடற மாதிரியே பேசறீங்க மேடம்" என்பார்கள். பாராட்டா கேலியா என்று இன்றுவரை விளங்கவில்லை.

என் தொழிலுக்கு இது விளங்கியாக வேண்டும். நான் பேச்சுப் பயிற்சி தருகிறவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கும், திக்குகிறவர்களுக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கும் சொற்களைத் திரும்ப எடுத்துக் கொடுப்பது என் வேலை. தெலுங்கில் சொல்லுக்கு மாட்ட என்று பெயர். அதனால் இங்கே நான் 'மாட்டலு மேடம்'. கணவருடைய வேலைக்காக வந்த இடத்தில் எனக்கும் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது. அங்கேதான் ஏசுபாதம் வந்தார். அவரும் அவர் வீட்டாரும் எழுதச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்; பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் சித்தூர் பஸ் டிப்போவில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் மனைவி ரூத்தம்மாவோடு திருப்பதிக்கு வருவார். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு வந்து இடது கை சோர்ந்திருந்தது. மற்றபடி நடந்தார், சாப்பிட்டார், பேசினார். நாக்கு குழறவில்லை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு என்று அப்படியே ஒப்பித்தார். மாட்டலு பாகுன்னாயி, பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ரூத்தம்மாவுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. ஒருநாள் சபைக்காரர் ஒருவரோடு ஏசுபாதம் பேசிக்கொண்டிருந்தபோது, சத்தம் தாங்காமல் ரூத்தம்மா அடுப்படியிலிருந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா பேசு, அடுத்த தெருவுக்குக் கேக்கல" என்று சொல்லியிருக்கிறார். ஏசுபாதம் உடனே குரலை உயர்த்திப் பேசத் தொடங்கிவிட்டார். வந்தவர் சிரித்தார். ரூத்தம்மா, புருஷன் வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்துகிறார் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததும் ஏசுபாதத்துக்குக் கோபமாகத் தெரியவில்லை. தொண்டை வலியா என்று கேட்டு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

வலப்பக்க மூளை அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. சொல் இருக்கும், சொல்லுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. கேலி, குத்தல், உவமை, பழமொழி, மறைத்துச் சொல்வது எதுவும் உள்ளே போகாது. குரலின் ஏற்ற இறக்கமும் தட்டையாகிவிடும். நாம் ஒரு நாளில் எத்தனை முறை நேரல்லாமல் பேசுகிறோம் என்பதை இப்படிப்பட்ட ஒருவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் எண்ணிவிடலாம். "வெயில் ஆளையே துன்னுது" என்று ரூத்தம்மா வந்து உட்கார்ந்தால், யாரை என்று கேட்பார். தலை வெடிக்கிறது என்றால் எழுந்து வந்து தலையைப் பார்ப்பார். மனசு பாரமாக இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தபோது, "எவ்ளோ கிலோ?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான அக்கறை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே குரலில் "அர்த்தம் காலேது மேடம்" என்பார். புரியவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லும் மனிதர்கள் குறைவு. எனக்கு அவரை முதல் வாரமே பிடித்துப் போனது.

ரூத்தம்மாவின் கவலை வேறு. மகள் ஸ்டெல்லாவுக்குப் புத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பிரவீன் தடாப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். இந்தக் குடும்பங்களில், தட்டு மாற்றுவதற்கு முன்னால் பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து பெண்ணை மறைபொருளாகக் கேட்பார். இது மாங்காய்ச் சீமை; அதனால் பேச்சு பெரும்பாலும் மாமரத்தைச் சுற்றித்தான் போகும். வழியில் போனோம், உங்கள் தோட்டத்தில் ஒரு மாங்கன்று கண்ணில் பட்டது, எங்கள் நிலத்தில் நட்டால் நன்றாக வரும் போலிருக்கிறது என்பார். பெண் வீட்டுப் பெரியவர் அதே தோரணையில் பதில் சொல்லவேண்டும். சபையில் எந்தப் பெண்ணின் நிச்சயத்துக்கும் அந்தப் பதிலைச் சொல்லக் கூப்பிடுவது ஏசுபாதத்தைத்தான். அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே கூட்டம் சேருமாம். முப்பது நாற்பது பெண்களுக்குப் பேசியவர் தன் மகளுக்கு எழுந்து நின்று, 'எங்களுக்குத் தோட்டமே இல்லையே' என்று சொன்னால்?

பையன் வீட்டில், கை மட்டும்தான் கொஞ்சம் சோர்வு என்று சொல்லிவைத்திருந்தார் ரூத்தம்மா. மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்றேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். "இது நின்னுப்போச்சுன்னா இவராலதான் நின்னுச்சுன்னு ஊரு பேசும் மேடம். அந்தப் பேச்சு தன்னைக் குத்துதுன்னுகூட தெரியாம இவரு கேட்டுக்கினு உக்காந்திருப்பாரு. அதை என்னால பாக்க முடியாது" என்றார். அதற்கு மேல் நான் நியாயம் பேசவில்லை.

இப்படியாக, உவமையைத் தொலைத்தவருக்கு உவமை கற்றுக்கொடுக்க, அந்த ஊர் உவமையே தெரியாத நான் உட்கார்ந்தேன். குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதைதான். முதல் தடுமாற்றம் சோதனை அட்டைகளிலேயே வந்தது. நான் படித்த காலத்தில் எழுதி வைத்த அட்டைகள் அவை. பனைமரத்து நிழலும் நிழலல்ல, பகைவர் உறவும் உறவல்ல என்ற பழமொழியைக் கேட்டேன். "பனைக்கு நெழல் கம்மிதான் மேடம், மாமரம்னா நல்லா இருக்கும்" என்றார். பூஜ்யம் மதிப்பெண் போட்டேன். பக்கத்தில் இருந்த ரூத்தம்மாவும், ஆமாம், மாமரம்தான் நல்லது என்று தலையாட்டினார். அந்தம்மாவின் மூளையில் ஒரு குறையும் இல்லை. பனங்காட்டில் வளர்ந்தவளுக்குக் கேட்டவுடன் புரியும் ஒன்று அவர்களுக்கு வெறும் மரமாக நின்றது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இத்தனை வருடமாக இங்கே எத்தனை பேருடைய ஊரை நோய் என்று எழுதி வைத்தேனோ.

அதன்பிறகு அட்டைகளை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு ரூத்தம்மாவிடம் நோட்டும் பேனாவும் கொடுத்தேன். வீட்டில், கடையில், சபையில் யார் எதை நேரல்லாமல் சொன்னாலும் குறித்துக்கொண்டு வரவேண்டும். அவர் எனக்கு வாத்தியாரம்மா ஆனார். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. குண்டெ ஜாரிந்தி என்றால் இதயம் நழுவியது, அதாவது பயந்துவிட்டேன். நா மொகம் என்றால் என் முகம். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, போ என்று அர்த்தம். இதற்கு முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ரூத்தம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே, இத்தனை வருடம் கேட்கத் தோன்றவே இல்லையே என்றார். ஏசுபாதம் என்னைப் பார்த்து, உங்களுக்கும் அர்த்தம் காலேதா என்று கேட்டார். காலேது என்றேன். அவருக்கு அதில் பெரிய நிம்மதி. அதன்பின் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளாகிவிட்டோம்.

பயிற்சி இதுதான்: ஒரு பொருளை எடுத்து அதன் குணங்களை உடைத்து அடுக்குவது, இன்னொன்றின் குணங்களையும் அடுக்குவது, இரண்டிலும் எது ஒட்டுகிறது என்று தேடுவது. நாம் கண் இமைக்கும் நேரத்தில் செய்வதை அவர் மூட்டை தூக்குகிறவரைப் போலச் செய்தார். நெற்றி வியர்க்கும். மூன்றாம் வாரம் அவருக்குத் தெரிந்த உலகத்துக்கே போனேன். பஸ்ஸில் ஆள் அதிகமாக ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மேட்டில் இழுக்காது, வண்டி திணறும், டிரைவர் கத்துவான், ஆனாலும் நிறுத்தாமல் போய்த்தான் ஆகவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மனிதர்களில் யாராவது அப்படி இருக்கிறார்களா என்றேன். வெகுநேரம் சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, சுவரோரம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "ரூத்துக்கு ஓவர்லோடு" என்றார்.

ரூத்தம்மா எழுதுவதை நிறுத்தினார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் இப்படி ஒன்று சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அந்த நிமிடம் துள்ளிக் குதிக்கலாம் போல சந்தோஷம். நோய்க் குறிப்பில் 'சொந்தமாக ஒரு உவமை' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஆனால் நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாமரப் பேச்சு அவருக்கு வசப்படவே இல்லை. கன்று எப்படி மகளாகும்? மகளை நடமுடியாது, கன்றுக்கு பி.எட். படிக்கத் தெரியாது. ஸ்டெல்லாவுக்கும் மாங்கன்றுக்கும் ஒட்டுவது எது என்று கேட்டால், இரண்டும் பச்சைத் தண்ணீர் குடிக்கும் என்றார். முன்பு தான் பேசிய பதில்களில் ஒரு வரிகூட அவருக்கு நினைவில்லை. அந்தப் பேச்சு நடக்கும் நேரத்தில் அடுப்படியில் இருக்கும் ரூத்தம்மாவுக்கும் அவை தெரியவில்லை; சபை ஆண்களிடம் கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். கடைசியில் நான் குறுக்கு வழியில் இறங்கினேன். மனப்பாடம் செய்துவிடலாம். யாராவது கன்று என்று சொன்னதும் இந்தப் பதிலைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். என்ன பதில் என்று யோசித்தபோது, நாங்குநேரியில் என் நிச்சயத்தன்று மாமா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கமெல்லாம் கிடையாது. திருப்பதியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்பதால், தூரதேசத்துக்குப் பெண்ணை அனுப்புகிற கலக்கத்தில் மாமா தானாகச் சொன்னது. அதையே எடுத்து, குரல் ஏற்ற இறக்கம் அவருக்குப் பிடிபடவேண்டும் என்று என் குரலில் போனில் பதிவு செய்து கொடுத்தேன். அவர் காலையும் மாலையும் காதில் வைத்துக் கேட்டார். புரிந்து சொல்வது வேறு, ஒப்பிப்பது வேறு என்று எனக்குத் தெரியும். குற்றவுணர்ச்சியும் இருந்தது. அதையும் ரூத்தம்மாவின் முகத்தையும் தராசில் வைத்தால் முகம்தான் கனத்தது.

நிச்சயத்தன்று சித்தூருக்குப் போனேன். சந்தப்பேட்டையில் இரண்டு அறை வீடு, மொட்டை மாடியில் சாமியானா. ஏசுபாதம் புது வேட்டி சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். சபையார் நிறைய வந்திருந்தார்கள். நோய்க்குப் பிறகு அவர் பேசப்போகும் முதல் நிச்சயம். சபை ஐயர் ஜெபம் செய்து உட்கார்ந்தார். புத்தூர்க்காரர்கள் பக்கத்திலிருந்து பிரவீனின் பெரியப்பா எழுந்தார். அவரும் தங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேர்போனவர் என்று ரூத்தம்மா முன்பே சொல்லிப் பயந்திருந்தார். நான் மனதுக்குள் கன்று, கன்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா கைகூப்பி, நிதானமாக, "அண்ணா, உங்க பொண்ணு ஸ்டெல்லாவ எங்க பையன் பிரவீனுக்குக் கேக்கறோம். குடுக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். மாமரம் இல்லை, தோட்டம் இல்லை, வழியில் போன கதை இல்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு, இங்கே கற்றுக்கொண்ட தெலுங்கில் சொன்னால், குண்டெ ஜாரிந்தி. ஒரு மாதமாக ஒரு பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்தால், அங்கே கதவே திறந்து கிடக்கிறது. பரவாயில்லை, நேரான கேள்வி அவருக்கு நல்லதுதான், ஒரு சொல்லில் சரி என்று சொல்லிவிடுவார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஏசுபாதம் எழுந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். வாய் ஒருமுறை திறந்து மூடியது. இரண்டாம் முறையும் திறந்து மூடியது. பிறகு பந்தல் கால் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கன்னு எங்க வீட்டுக் கன்னுதான். பிடுங்கித் தரல, வேரோட கொஞ்சம் மண்ணும் சேத்துத்தான் தாரோம். புது மண்ணு பிடிக்க ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் நாங்களும் வந்து தண்ணி ஊத்துவோம். பதனமாப் பாத்துக்கிடுங்க."

ஒரு எழுத்து பிசகவில்லை. தாரோம், பாத்துக்கிடுங்க என்ற என் மாமாவின் பேச்சு, என் குரலின் இழுப்போடு, சித்தூர் மொட்டை மாடியில் ஒரு சித்தூர்க்காரர் வாயிலிருந்து வந்தது. புத்தூர்ப் பெண்கள் வரிசையில் யாரோ சிரித்துக்கொண்டே, இது எந்த ஊருப் பேச்சு மாமா என்று கேட்டார்கள். ஏசுபாதத்திடம் ஒன்றைக் கேட்டால் உண்மையைத் தவிர வேறு வராது. "நாங்குநேரி" என்று சொல்லி என் பக்கம் கையை நீட்டினார். "மேடம் சொல்லிக் குடுத்தாங்க. நோவு வந்ததுலருந்து மறைச்சுப் பேசினா எனக்கு அர்த்தம் காலேது. அதான் மனப்பாடம் பண்ணேன்."

ரூத்தம்மா தட்டைப் பிடித்திருந்த கையை மடியில் இறக்கிக்கொண்டார். ஒரு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை, கேட்டவுடன் எடுத்து நடுப்பந்தலில் வைத்துவிட்டார் மனிதர். நான் தரையைப் பார்த்தேன். அப்போது பெரியப்பா எழுந்து வந்து ஏசுபாதத்தின் சோர்ந்த கையைப் பிடித்தார். "தெரியும்ணா. ஸ்டெல்லா மொதல்லயே எங்க பையன்கிட்ட சொல்லிடுச்சு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான் நேராக் கேட்டேன்" என்றார். ஸ்டெல்லா தலைநிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மறைக்கத் தெரிந்த அம்மாவுக்கும் மறைக்கத் தெரியாத அப்பாவுக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டவள் அவள்.

யாரும் எதிர்பாராத விதமாக ஏசுபாதம் தலையாட்டினார். "நேராக் கேட்டீங்க, புரிஞ்சுது" என்றார். "குடுக்கறேன்னு நேராச் சொல்லலாம்னுதான் எழுந்தேன். வாய் வரல. சொன்னா அழுதுடுவேன்போல கீது. கன்னுன்னு சொன்னா அழ வரல."

நான் படித்த பாடங்களில் உவமை என்றால் என்ன என்பதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. ஒன்றை இன்னொன்றாகக் காண்பது, ஒப்பிட்டு அழகு சேர்ப்பது என்றெல்லாம் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். உவமை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. எல்லா உவமையையும் தொலைத்த ஒருவர் அது எதற்கு என்று கண்டுபிடித்து ஊர் நடுவில் சொல்லிவிட்டார். ரூத்தம்மா அழுதார். பெரியப்பா, மண்ணோடவே வாங்கிக்கறோம்ணா என்று தட்டை நீட்டினார். சபைக்காரர்கள் பாட்டெடுத்தார்கள். நானும் அழுதேன், எனக்கு வரும் அழுகையைத் தள்ளிவைக்க எதுவும் கைவசம் இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ஏசுபாதம் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பரிமாறிக்கொண்டு வந்த ஒரு புத்தூர்ப் பெண், என்னுடைய தமிழைக் கேட்பதற்காகவே கொஞ்சம் நின்றாள். நாங்குநேரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். திருப்பதிக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்டாள், சொன்னேன். "அப்போ உங்களுக்கு எது ஊரு மேடம், அதுவா இதுவா?" என்றாள்.

நேரான கேள்விதான். முதல் இரண்டு வருடம் அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி வந்தார்கள். கைப்பையில் கருப்பட்டியும் ஊர்க்கதையும் கொண்டுவருவார்கள். பிறகு அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் முடியாது. மாமா போனில் மட்டும். நான் போகும்போதெல்லாம், தெலுங்குக்காரி வந்துட்டா என்று அங்கே வாசலில் சிரிக்கிறார்கள். இதையெல்லாம் குழம்பு வாளியோடு நிற்கும் பெண்ணிடம் சொல்லமுடியுமா? நானும் எதிரே இருந்த பந்தல் காலைப் பார்த்துக்கொண்டேன். "கன்னு நாங்குநேரிக் கன்னு. மண்ணு இந்த ஊரு மண்ணு" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. சிரித்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

ஏசுபாதம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வலது கை இலையில் இருக்க, நெற்றி சுருங்கி, பயிற்சி அறையில் இரண்டு பொருள்களை ஒட்டவைக்கத் தேடும் அதே முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தட்டையான குரலில் கேட்டார்.

"தண்ணி ஊத்த இப்பவும் யாராச்சும் வர்றாங்களா மேடம்?"

அவர் அதை எப்படிக் கேட்டார், கன்றைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று, இத்தனை வருடம் இதையே தொழிலாகச் செய்கிற எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய டம்ளரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.